டென்மார்க்கை விட்டுப் போன றெஜி அண்ணை

றெஜி அண்ணை போய்விட்டார். லண்டனில், நேற்றுக் காலை.

டென்மார்க்கில், எங்கள் ரண்டர்ஸில் தமிழ்க்கடை வைத்திருந்த அதே றெஜி அண்ணைதான். பழைய ஆட்களுக்குத் தெரியும். புது ஆட்களுக்கு... கோடை லீவில் பஸ் பிடித்து ஊரையே மணலுக்குக் கூட்டிப் போனவர் என்று சொன்னால் போதும்.

ஒரு கும்பிடு ஸ்டிக்கர் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறது.

நாட்டின் வடக்கு முனையில், ஸ்காகனுக்குக் கிட்ட ஒரு பெரிய மணல்மேடு இருக்கிறது. காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கும்... டென்மார்க்கின் பாலைவனம் என்று டூரிஸ்டுகளுக்குச் சொல்வார்கள்.

அண்ணை யாழ்ப்பாணத்து வடமராட்சி மணற்காட்டில் பிறந்தவர். முதல்தரம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "இது எங்கட மணற்காடெல்லோ... ஆர் இஞ்சை கொண்டுவந்து கொட்டினது?" என்றார். அதிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அதன் பெயர் மணற்காடுதான்.

ஒவ்வொரு ஜூலையும் ஒரு சனிக்கிழமை. தேசிக்காய் ஓட்டம், சாக்கு ஓட்டம், கடைசியில் ரண்டர்ஸ் ஆட்களுக்கும் வைலே ஊர் ஆட்களுக்கும் கயிறு இழுத்தல். சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ் முழுக்க மணல். முகம் சுளித்தால், "கல்சியம், சாப்பிடுங்கோ" என்பார்.

ஒருமுறை வைலே அணிக்கு ஆள் குறைந்தது. நாயோடு நடந்துபோன ஒரு டேனிஷ் பென்ஷன்காரரைப் பிடித்துக் கயிற்றில் நிறுத்திவிட்டார்! நாங்கள் தோற்றுப்போனோம். அந்த மனுசனுக்கு ஒரு சோற்றுப் பார்சலும் கொடுத்து, "இவர் இனி எங்கட ஆள்" என்று மைக்கில் அறிவித்தார்.

அப்படிப்பட்ட மனுசன்.

பிறகு எல்லாரும் லண்டனுக்கு மாறிப்போன காலம் வந்தது. எங்களுக்கும் அங்கே இருந்த என் அக்கா வீடு பார்த்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டா. என் கணவர் ஃபாக்டரியில் வேலையை விடுவதாகச் சொல்லியும் விட்டார்.

அந்த வருசம் மணலில் வைத்து அண்ணையிடம் விசயத்தைச் சொன்னோம். அவர் மைக்கை நிலத்தில் வைத்துவிட்டார்.

"நீங்களும் போனால் பிறகு ஆர் இருக்கினம், வசந்தி? பிள்ளையள் திரும்ப முதல்ல இருந்தே தொடங்கிறதோ? இருங்கோ. நான் இருக்கிறன்தானே."

நான் இருக்கிறன்தானே... அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நின்றோம். அக்கா கோபித்துக்கொண்டு எவ்வளவு காலம் கதைக்காமல் இருந்தா என்று அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

இரண்டு கோடை போனது. மூன்றாம் கோடையும் வழக்கம்போல வெயில் சாயும் நேரம் மைக்கைப் பிடித்து, "அடுத்த வருசம் சாப்பாட்டுப் பொறுப்பு வசந்தி!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

அடுத்த கிழமை கடை பூட்டியிருந்தது. அண்ணைக்குச் சுகமில்லையாக்கும் என்று கோழி சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

பக்கத்துச் சலூன் டேனிஷ்காரிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்களே, வீடு வசந்தகாலத்திலேயே விற்றாயிற்றே, உனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியாது. ரண்டர்ஸில் ஒரு தமிழருக்கும் தெரியாது. சூப் பாத்திரத்தோடு அந்தப் பெட்டையின் முன்னால் நின்றது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்படியென்றால் மைக்கில் என் பெயரைச் சொல்லும்போதே பெட்டி கட்டியாயிற்று. போனதைக்கூட விடலாம்... இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த ஜூலை நானே பஸ் பிடித்தேன். பாதி பஸ்கூட நிரம்பவில்லை. அதற்கடுத்த வருசம் பஸ்ஸே இல்லை. வருசத்தில் என் பிள்ளைகள் தமிழ் கதைத்து விளையாடுகிற ஒரே நாள் அது... அதோடு அதுவும் முடிந்தது.

பிறகு ஒரேயொரு தடவை லண்டனில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றவர், என்னைக் கண்டதும் அதை மேசையில் வைத்துவிட்டுக் கார் பார்க் பக்கம் நடந்தார். மண்டபம் காலியாகும்வரை நின்று பார்த்தேன். வரவில்லை.

இன்று காலை மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்தது. "யாழ். மணற்காட்டைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட..."

மூன்று தரம் வாசித்தேன். டென்மார்க் இல்லை. ஒரு மாதம் தங்கிய ஊரைக்கூட விடாமல் போடுகிற சனம் நாங்கள். அவருடைய மூன்று பிள்ளைகளும் பிறந்த நாட்டின் பெயர் அதில் இல்லை!

அவருடைய மகள் ஷாமினிக்கு உடனே போன் எடுத்தேன். ஏசத்தான் எடுத்தேன். அவள் "உன்ஸ்குல் அன்ரி, உன்ஸ்குல்" என்று அழத் தொடங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு இன்னும் டேனிஷ்தான் வருகிறது.

"அப்பாதான் போட வேண்டாம் எண்டவர் அன்ரி... ஹொஸ்பிட்டல்ல வைச்சு. 'அங்கத்தை ஆக்கள் வாசிப்பினம் பிள்ளை. அவையின்ர முகத்தில முழிக்க என்னால ஏலாது' எண்டவர்."

பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைத்தேன்.

வெட்கமாக இருந்ததென்றால் ஒரு போன் எடுத்திருக்கலாமே அண்ணை? இத்தனை வருசத்தில் ஒரு போன்! நான் ஏசியிருப்பேன். ஏசி முடித்துவிட்டு, சாப்பிட்டீங்களோ என்றும் கேட்டிருப்பேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் போடுகிறேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

யாழ். மணற்காட்டைப் பிறப்பிடமாகவும், டென்மார்க் ரண்டர்ஸை வதிவிடமாகவும் கொண்டிருந்த எங்கட றெஜி அண்ணை.

போயிட்டு வாறன் எண்டு அப்பவும் சொல்லேல்லை. இப்பவும் சொல்லேல்லை.

சரி... போங்கோ அண்ணை.