கருத்தப்பாண்டியின் மலையாட்டம்

தாயமும் சீட்டும் சலித்துப்போச்சென்று யாராவது புலம்பினால், மலையாட்டம் ஆடிப் பாருங்கள் என்பேன். எந்தக் கடையிலும் கிடைக்காது. வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி அண்ணன் உண்டாக்கிய ஆட்டம் அது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுத் தரையில் கரிக்கட்டியால் வரைந்த ஒரு மலையும், ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளும் போதும்.

ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். தினம் கங்காணியிடம் ஏச்சு வாங்கும் செபாஸ்டின் அங்கே தளபதி. வீட்டுக் கதவையே ஒழுங்காகப் பூட்டத் தெரியாத பெரியமுத்து மந்திரவாதி. அண்ணன்தான் கதைசொல்லி. "முன்னால ஆறு. பாலத்துல பூதம் ஒக்காந்திருக்கு. என்ன செய்யப்போற?" என்பார். செய்யப்போவதைச் சொல்லிக் கொட்டையை உருட்ட வேண்டும். வெள்ளை கூடினால் நினைத்தது நடக்கும், கறுப்பு கூடினால் நாசம்தான். ஒரு சட்டம் மட்டும் படு கறார். கதைசொல்லி வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான், மாற்ற முடியாது. தளபதி செத்தபோது செபாஸ்டின் காலைப் பிடித்துக் கெஞ்சினான். மனுஷன் அசையவில்லை.

இந்தக் கறாரெல்லாம் ஆட்டத்தில்தான். எழுபத்திநாலு மழையில், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அவர் பெண்சாதி பூமாரியை மண் சரிந்து மூடிவிட்டது. தோண்டிப் பார்த்தார்கள், உடம்பு கிடைக்கவில்லை. "தாய் வீட்டுக்கு எறங்கிப் போயிருப்பா. ஊர்க் கோயில் கொடைக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார் அண்ணன். கருமாதிக்கு ஒத்துக்கொள்ளவேயில்லை. புருஷன் வாயால் செத்தாள் என்று சொல்லாமல் எங்களில் யார் கருமாதி செய்வது? பூமாரியின் தங்கை சின்னத்தாய் அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். "எள்ளுந்தண்ணியும் எறைக்காம எங்கக்காவ அலையவிடுதீகளே மச்சான்!" என்று லயமே கேட்கக் கத்தினாள். எனக்கும் அவர்மேல் கோபம்தான். தன் துக்கத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், கூடப் பிறந்தவள் துக்கத்தை அடைத்துவைக்க அவர் யார்?

மறுவருஷ மழையில்தான் மலையாட்டம் தொடங்கியது. மலை உச்சியில் ஒரு குகை. மண்ணரக்கன் ஒரு பெண்ணைப் பிடித்து அதற்குள் வைத்திருக்கிறானாம். யாரும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. நெருங்கினால் புதிதாக ஓர் ஆறு முளைக்கும், இல்லாவிட்டால் பூதம் முளைக்கும். எங்களுக்குப் புரியாமலில்லை. தெரியாததுபோல் கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னத்தாய் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் ஆடுதேன் மச்சான். நான் கொழுந்துக்காரி."

"அப்படி ஒரு வேஷம் கெடையாதே."

"இல்லாட்டாப் போகுது. கூடையும் செடி வெட்டுத கவ்வாத்துக் கத்தியும் இருக்கு, போதும்."

ஆற்றைக் கடந்தாள். பூதத்துக்கு வெற்றிலை கொடுத்து வழி வாங்கினாள். அண்ணன் முளைக்கவைத்த ஒவ்வொன்றையும் தாண்டினாள். கறுப்பு விழுந்து காயம்பட்டபோதும் திரும்பமாட்டேன் என்றுவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்த செபாஸ்டின்கூடக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். கடைசியில் குகை வாசலுக்கு வந்துவிட்டாள்.

கொட்டைகளை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். "இதுக்கு நான் உருட்ட மாட்டேன். உள்ள இருக்கவ உசுரோட இருக்காளா, இல்லயா? நீங்க சொல்லுங்க."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இருக்கிறாள் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அவர் சட்டப்படி, சொன்னதை மாற்ற முடியாது, அவளை வெளியே கூட்டிவந்து நிறுத்த வேண்டும். அண்ணன் குகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடை மட்டும் கெடக்கு" என்றார். பிறகு, "செத்துட்டா, சின்னத்தாயி" என்றார்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பெரியமுத்து எழுந்து மழைக்குள் போய்விட்டான். எனக்கு அவர்மேலிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் உள்ளங்கையால் மலையை அழித்தார். குகை இருந்த இடத்தில் கரி போகவில்லை. அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல எள்ளு இருக்கா?" என்று கேட்டார், தலை நிமிராமல்.