ஊசிக்காரி கொடுத்த வாக்கு

ஒற்றைக் கன்றுக்குட்டியோடு தொடங்கி, இருபது மாட்டுக் கொட்டகையைக் கட்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மாட்டு டாக்டரே மருந்து எழுதுவார். என் தங்கையைப் படிக்க வைத்து, மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையில் உட்கார வைத்ததும் நானே. தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்றுதான் பேர்.

ஊசி போட்டால் சில நாள் பால் குறையும். அதனால் லேசில் யாரும் மாட்டைப் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். இவள் வாசல் வாசலாக நின்று, "போட்டுக்கோங்க, இனி கோமாரி உங்க பக்கம் எட்டிப் பாக்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துப் போட்டாள். நானும் பின்னாலேயே போய், "என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்" என்று மீசையை முறுக்கினேன்.

சில மாதத்தில் கோமாரி வந்தே விட்டது. வாயில் நுரை, குளம்பில் புண். என் கொட்டகையையும் விடவில்லை.

"ஊசியில என்னத்தம்மா ஊத்துன, குழாய்த் தண்ணியா?" என்று பின்தெருப் பால்காரம்மா நடுத்தெருவில் கேட்டாள். அவள் கன்று செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து தங்கை சுற்றுவழியில்தான் வேலைக்குப் போனாள். தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

என் மாட்டின் நாக்கிலிருந்து கொப்புளத் தோலை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். பதில் வந்தது. கோமாரிக் கிருமி ஒரே மாதிரி இருப்பதில்லையாம், அதில் பல வகையாம். ஊசி தடுப்பது சிலவற்றை. வந்தது அதில் சேராத ஒன்று.

"அப்புறமென்ன, உன் மேல தப்பில்ல. தலைய நிமித்தி நட" என்றேன்.

"ஊசி மேல தப்பில்லண்ணே. வரவே வராதுன்னு சொன்னது யாரு?"

அந்த வாக்குக்கு மேளம் கொட்டியவன் நானாயிற்றே.

நோய் அடங்கியபின், இந்த வகைக்கான ஊசி வந்தது. முதலில் பால்காரம்மா வீட்டுக்கே போக வேண்டும் என்றாள் தங்கை. பால்காரம்மா ஊசிக்கு மாட்டை விடாவிட்டால் அந்தத் தெருவில் ஒருவரும் விடமாட்டார்கள்.

பால்காரம்மா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இனியாவது வராதுல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது.

"இப்ப வந்த வகைக்குக் கேக்கும்க்கா. வேற வகை வந்தா, தெரியாது. போன தடவை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." தரையைப் பார்த்தே சொன்னாள்.

"உங்கண்ணன் என்ன, வாயத் தொறக்கக் காணோம்? எப்பவும் தம்பட்டம் அடிப்பாரே."

நான் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால்காரம்மா ஒரே ஒரு மாட்டை மட்டும் இழுத்து வந்தாள். "இதுக்குப் போடு. மத்ததுக்கு யோசிக்கணும்."

தங்கை குனிந்த தலை நிமிராமல் மருந்தை ஊசியில் ஏற்றினாள்.