பன்னிரண்டாயிரம் பலகை

எங்கள் வீட்டில் பலகை என்றால் படம். புத்தகத்தில் தனித்தாளில், பக்கம் முழுக்க, வண்ணத்தில் அச்சடிக்கிற படத்துக்குப் பிரெஞ்சில் 'பிளாஞ்சு' என்று பெயர். மரப்பலகைக்கும் அதே சொல்தான். காரைக்காலிலிருந்து சைகோனுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்து, மாதா படம் அச்சிட்டு விற்று, அப்படியே ஓவியப் புத்தகப் பதிப்பாளரான என் தாத்தா அந்தச் சொல்லைத் தமிழாக்கிப் 'பலகை' என்று வைத்துவிட்டுப் போனார். "கையக் கழுவிட்டுப் பலகையத் தொடு" என்று அதட்டித்தான் என்னை வளர்த்தார்கள். அலமாரித் தட்டும் பலகைதான். வீட்டுக்குள் யாருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

இன்னொரு வழக்கமும் தாத்தா வைத்ததுதான். முதலில் எல்லாப் பலகையும் அச்சாக வேண்டும், அப்புறம்தான் எழுத்து. மற்ற பதிப்பகங்கள் நேர்மாறாகச் செய்யும். அதைச் சொன்னால் பப்பாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சிரிப்பு வந்துவிடும். "எழுதிட்டுப் படம் தேடுனா அதுக்குப் பேரு பஞ்சாங்கம். படத்தப் பாத்துட்டு எழுதுனாதான் புத்தகம்" என்பார்.

சைகோன் நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறுவதற்குச் சில வாரம் முன்பு சித்தப்பா குடும்பத்தோடு பிரான்சுக்கு விமானம் ஏறினார். எங்களுக்கும் இடம் இருந்தது. "அண்ணே, பொட்டியக் கட்டுங்க, போதும்" என்று வாசலில் நின்று கெஞ்சினார். பப்பா அசையவில்லை. ஆற்றங்கரைச் சூளைகளின் மண்பாண்டங்களைப் பற்றிய புத்தகம் பாதியில் நின்றது. மீன்சாறு ஜாடி, மூக்குப்பானை, மண் யானை என்று நாற்பது படம். ஒவ்வொன்றிலும் முந்நூறு பிரதி. பன்னிரண்டாயிரம் தாளும் அச்சாகி, மெழுகுத்துணியில் கட்டி மாடியில் இருந்தன.

"பலகை அடிச்சாச்சு. எழுத்துதான் பாக்கி. முடிச்சுட்டு வரேன்" என்றார் பப்பா.

"முடிச்சுட்டு வரதுக்கு இது என்ன சோறு வடிக்கிற வேலையா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பா போய்விட்டார். அச்சுக்கூடத்தைச் சீக்கிரமே புது அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 'பென் தான்' என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் இருந்த கடைவீடு மட்டும் எங்களுக்கு மிஞ்சியது.

பிறகு ஒருநாள் பேட்டை அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. கடையில், வீட்டில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதித் தர வேண்டும். எழுதாமல் விட்டது பிடிபட்டால் பறிமுதல். பப்பாவுக்குத் தெரிந்த வியட்நாமியம் மீன் வாங்கப் போதும், அவ்வளவுதான். வேலையெல்லாம் பிரெஞ்சில் நடந்த காலத்து மனுஷர். எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் வியட்நாமியத்தில் நான்தான் முதல். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

பப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேசை இரண்டு. பசை நாலு டின். பலகை பன்னிரண்டாயிரம்.

பேனா ஒரு நொடி நின்றது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரெஞ்சிலும் பலகை, தமிழிலும் பலகை; இவர்கள் பாஷையிலும் அப்படித்தானே இருக்கும்? யாரையாவது கேட்டிருக்கலாம். அம்மாவே சந்தையில் பேசிப்பேசி என்னைவிட நன்றாகப் பேசுவாள். கேட்டால் என் கிரீடம் கழன்றுவிடுமே! 'வான்' என்று எழுதினேன். நமக்கு வான் என்றால் ஆகாயம். அவர்களுக்கு மரப்பலகை. மரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பப்பா வாசிக்கத் தெரியாமலே அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து மூன்று வண்டி வாசலில் நின்றது. நோட்டும் கையுமாக அலுவலகத்து அக்கா ஒருத்தி இறங்கினாள். பேட்டைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், பெஞ்சு செய்ய வேண்டும், பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அம்மா ரேஷன் வரிசைக்குப் போயிருந்தாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றார் பப்பா.

"பலகை எங்கேன்னு..." என்று சொல்லும்போதே, நான் எழுதிய வார்த்தை மரத்தை மட்டும்தான் சொல்லும் என்று எனக்கு உறைத்தது.

பப்பா முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாகப் பலகையைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார்! ஓடிப்போய்க் கையைக் கழுவினார். மாடியிலிருந்து ஒரு கட்டைத் தூக்கி வந்து, பச்சை மெருகு ஜாடியின் படத்தை அந்த அக்கா முன்னால் விரித்தார். "மெருகுல அந்த வெடிப்பு தெரியுது பாருங்க. அதுக்கு மட்டும் நாலு தடவ அடிச்சோம்" என்று தமிழில் சொல்லி, இதைச் சொல்லு என்று எனக்கு ஜாடை காட்டினார்.

அந்த அக்கா தாளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தப்பு என்னுடையது, இந்தப் படங்களைத்தான் எழுத நினைத்தேன் என்று வியட்நாமியத்தில் கெஞ்சினேன். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் கொடுமை. "தங்கச்சி, கையெழுத்துப் போட்ட பட்டியலில் நான் கை வைக்க முடியாது. பட்டியலில் மரம் இருக்கிறது, வீட்டில் மரம் இல்லை. வீட்டில் அச்சுத்தாள் இருக்கிறது, பட்டியலில் தாள் இல்லை. மேலே நானும் பதில் சொல்லியாக வேண்டும்" என்றாள். இருக்கிற மரத்தைக் கழற்றச் சொன்னாள். தாள் முழுக்கக் காகித ஆலைக்கு, கூழுக்கு என்றாள்.

அலமாரித் தட்டுகளைக் கழற்றும்போது பப்பா ஒதுங்கி நின்றார். "பள்ளிக்கூடத்துக்குத்தான? எடுத்துக்கட்டும். பலகையத் தொடாம இருந்தா சரி" என்றார். தாள்கட்டுகள் இறங்கியபோது படியை மறித்துக்கொண்டு நின்றார். "ஏன் எடுக்குறாங்க? கேளும்மா! கேளு!"

கேட்க என்ன இருக்கிறது? "பாத்துட்டுத் திருப்பித் தருவாங்களாம், பப்பா" என்றேன். வாயில் வந்த பொய். அவர் உடனே வழிவிட்டார். "பாக்கட்டும், பாக்கட்டும். ஈரம் படாம வைக்கச் சொல்லு."

அம்மா திரும்பி வந்தபோது அவளிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். படத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்ற மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பாண்டமாக நினைத்து எழுதினார். வரிக்கு வரி, "பலகை ஏழு காண்க", "பலகை இருபத்திரண்டு காண்க" என்று வரும். நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன். சேசு மரி சூசை, அந்த வரிகளை எழுதும்போதெல்லாம் கை ஓடாது. சித்தப்பா பிரான்சுக்கு வர அனுமதிக் காகிதம் அனுப்பினார். "பலகை வரட்டும்" என்று பப்பா அதை மடித்து வைத்தார். என் ஒரு பொய்க்காக மூன்று பேரும் அங்கேயே கிடந்தோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் முடிவு எடுப்பேன். வீட்டுக்கு வந்தால் அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

எழுத்து முடிந்தது. நெஞ்சுச்சளி கட்டி மாடியில் படுத்திருந்தவர், "பலகையத் திருப்பித் தரச் சொல்லி மனு எழுது" என்றார். எழுதினேன். கூழான தாள் எங்கே வரப்போகிறது? பட்டியலில் இருக்கிற பெயரையே போடச் சொன்னார்கள் அலுவலகத்தில், அதையே போட்டேன். 'வான்.' அவர் மனசு ஆற ஒரு மனு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல்வேளையில் வாசலில் வண்டிச் சத்தம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து குரல் கொடுத்தாள்: "என்னங்க, பலகை வந்துருக்கு!"

பப்பா படியில் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருமிக்கொண்டே, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கை ஈரமாக இருந்தது. அந்த நிலையிலும் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

வண்டியில் எங்கள் அலமாரித் தட்டுகள். கரையான் அரித்ததால் பெஞ்சுக்கு ஆகவில்லையாம். மனுவும் இருந்ததால் அந்த அக்காவே பேசி அனுப்பி வைத்தாளாம்.

பப்பா ஒவ்வொரு தட்டாகப் புரட்டிப் பார்த்தார், அடியில் தாள் ஏதும் இருக்குமோ என்று. எல்லாம் புரட்டி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீ என்ன வார்த்தை போட்ட?"

சொன்னேன். முதல் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும், கூழையும் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் பலகைன்னு சொன்னேன். நீ பலகைன்னு எழுதுன" என்றார். "சரியாத்தான எழுதிருக்க."

வண்டிக்காரன் ரசீதை நீட்டினான். பப்பா பேனாவைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முதல் தடவையாக, "என்ன எழுதிருக்குன்னு வாசி" என்றார்.

"பலகை, முப்பத்தொன்று. பெற்றுக்கொண்டேன்" என்று வாசித்தேன்.