குர்பானித் தோலும் மச்சானின் பிரஷரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடமாகவே தயங்கினேன். மச்சான் மனம் நோகக் கூடாது என்பதுதான் காரணம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது அவரே சொல்லிவிட்டார்: "எழுதும்வே மாப்ள. உள்ளத மட்டும் எழுதும்."

என் மனைவியின் அண்ணன் அவர். மேலப்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தினமும் பிரஷர் மாத்திரை போட வேண்டியவர். போடுவார்தான், ஆனால் யாரோ அபராதம் விதித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு போடுவார்.

ஒரு பக்ரீத், அதாவது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கறிக்கடையில் கழிவென்று தள்ளும் தோல், எலும்பு, இரத்தத்திலிருந்து பிரஷரைக் குறைக்கும் பெப்டைடு என்ற பொருளைப் பிரித்து ஆராய்கிறார்களாம். அந்த முதல் வரி உண்மை. அதற்குக் கீழே, செய்தி கை மாற மாற ஆளுக்கொரு வரி சேர்த்திருந்தார்கள். ஆட்டுத்தோல் விசேஷம் என்று ஒருவர். வீட்டிலேயே கொதிக்க வைக்கலாம் என்று இன்னொருவர். இனி மாத்திரையே வேண்டாம் என்று முடித்துவைத்தவர் யாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை யாரும் வீட்டில் வைப்பதில்லை. தாய் தகப்பனில்லாத யத்தீம் பிள்ளைகளுக்காக மதரஸா வண்டி வந்து எடுத்துப்போகும். அந்த வருடம் மச்சான் தோலைக் கொடுக்காமல் வண்டியைத் திருப்பி அனுப்பினார். தோலை விற்கத்தான் கூடாது, நாமே பயன்படுத்த மார்க்கத்தில் இடமுண்டு என்றார். மார்க்கத்தில் இடமிருந்தது. அடுப்படியில்தான் இல்லை. பிரியாணிச் சட்டியைத் தொடவிடமாட்டேன் என்று அவர் மனைவி, எங்கள் மைனி, ஒரே பிடியாக நின்றதால், மயிர் பொசுக்கிய தோல் கொல்லையில் வெந்நீர்ப் பானையில் வெந்தது. குடிக்க முடியாமல் உப்பைத் தாராளமாகப் போட்டார். பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் ஸலாத்தை வாசலிலேயே முடித்துக்கொண்டார்கள்.

மச்சான் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பிஸ்மி சொல்லிக் குடித்தார். மாத்திரை அலமாரிக்கு மேலே தூங்கியது. "ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்குவே" என்பார். முகம் மட்டும் செங்கல் நிறத்தில் இருந்தது.

பெருநாள் கழிந்து சில நாளில், அஸர் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யக் குனிந்தவர் பள்ளிவாசல் ஹவுள் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே சாய்ந்தார். பேச்சு குழறியது. பாளையங்கோட்டைக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் மைனி யாசீன் ஓதிக்கொண்டே வந்தார். பாலம் தாண்டும்போது மச்சான் கை என் கைக்குள் கனத்துக் கிடந்தது. நானும் துஆ கேட்டேன்.

காப்பாற்றிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். போனில் இருந்த செய்தியைப் படித்த டாக்டர் சிரிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் புரதத்தைப் பொடிப்பொடியாக வெட்டிப் பிரிக்கிற வேலை அது, இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, மாத்திரைக்குப் பதில் ஆகாது என்றார். "நீங்க குடிச்சது உப்புத் தண்ணி, பாய்."

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மதரஸாவுக்குப் போவ வேண்டிய தோலு. போவும்போது ஆளையும் கூட்டிட்டுப் போவப் பாத்துச்சு."

அடுத்த வருடம் வண்டி வருவதற்கு முன்பே தோலோடு தெருமுனையில் நின்றார் மச்சான். கதை அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். போன வாரம் ஷார்ஜாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். அவருக்கும் பிரஷர். "மச்சான் தோல் கஷாயம் குடிச்சு மாத்திரையவே விட்டுட்டாராமே, எவ்வளவு நேரம் கொதிக்கணும்?" என்று கேட்டார். போனை மச்சானிடமே கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் எழுதச் சொன்னார்; நானும் எழுத உட்கார்ந்தேன்.

படித்தவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். முக்கியமாக, மச்சான் ஆட்டோவில் போன வரியை எடுத்துவிடாதீர்கள்.