நிலுவையில் ஒரு ஸ்கூட்டர்

எழுதினால் நடக்கும் என்று எனக்குச் சொன்னவள், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண். என்னைவிடச் சின்னவள். துறைத் தேர்வில் கோட்டை விட்டுக்கொண்டே இருந்தவள், தினமும் ஒரு நோட்டில் இன்று என்ன படித்தேன், நாளை என்ன படிப்பேன் என்று எழுத ஆரம்பித்த பிறகு பாஸ் செய்துவிட்டாள். "மனசுல வெச்சிருந்தா மறந்துடும்க்கா. எழுதிட்டீங்கன்னா அது உங்களையே பாத்துக்கினு இருக்கும். எழுதித்தான் பாருங்களேன்" என்றாள். எங்கள் கலெக்டர் அலுவலகத்தில் யாரும் தொடாத டைரிகள் பீரோவுக்கு மேல் எப்போதும் கிடக்கும். ஒன்றைத் தூசி தட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

நான் மனதில் வைத்திருந்த காரியம் பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஸ்கூட்டர் வீட்டிலேயே இருந்தது. என் பெயரில்தான் வாங்கியது. மேலே உறை போட்டு, உறைக்கு மேல் துணி காயப்போட்டு, மாமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தோம். நானோ நாற்பதைத் தாண்டியும் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். அவர் ஊருக்குள் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவருக்கு வேலை ஜாஸ்தியான நாட்களில் எனக்கு ஷேர் ஆட்டோ.

ஸ்கூட்டர் தெரியாததால் நான் இழந்தது போகவர வசதி மட்டும் இல்லை. எங்கள் துறையில் அடுத்த படிக்குப் போக வேண்டுமென்றால் சில காலம் வருவாய் ஆய்வாளராக இருந்தாக வேண்டும். அது கிராமம் கிராமமாக அலைகிற வேலை. ஏரி உடைந்தாலும் போக வேண்டும், வரப்புத் தகராறு என்றாலும் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஆகாது. ஒவ்வொரு வருஷமும் விருப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வரும். ஒவ்வொரு வருஷமும் நான் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லும்போது எனக்கு வலிக்கத்தான் செய்தது. அந்த வலியை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'அடுத்த சுற்றறிக்கை வருவதற்குள் ஸ்கூட்டர் ஓட்டுவேன்' என்று எழுதினேன். எழுதியதும் உடம்பில் ஒரு தெம்பு வந்ததை மறைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டுக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் என்னை அங்கே கூட்டிப்போவார். லாட்ஜில் வருகிற போகிற எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிற மனிதர், வண்டி சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் வேறு ஆள். "பிரேக்கு, பிரேக்கு! காலை ஏன் தேய்க்கிற? கால் இன்னா பிரேக்கா?" என்று பின்னாலேயே ஓடிவருவார். நேராகப் போக வந்துவிட்டது. இடது பக்கம் திரும்பவும் வந்துவிட்டது. யூ டர்ன் மட்டும் வரவில்லை. வளைக்கப் போனால் வண்டி ஒரு பக்கம் சாயும், நான் அலறுவேன், மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள் சிதறும். கடைசியில் அவரே வண்டியைத் தூக்காத குறையாகத் திருப்பி நிறுத்துவார். ஒரு ஞாயிறு, எல்லைக் கல் ஒன்றில் மோதி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஞாயிறுகள் கம்மியாகின. டைரி மட்டும் நிற்கவில்லை.

சாயங்காலம் குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் எழுதுவது என் வழக்கம். இங்கேதான் என் பிழைப்பு என் கையைக் கெடுத்தது. வருஷக்கணக்காகக் கோப்புகளில் குறிப்பு எழுதிய கைக்கு வேறு தமிழ் வராது. 'பொருள்: இருசக்கர வாகனப் பயிற்சி – தொடர்பாக' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டேன். 'மழை காரணமாக இன்று பயிற்சி மேற்கொள்ள இயலவில்லை. வானிலை சீரானதும் தொடரப்படும்.' 'முழங்கால் காயம் முழுமையாக ஆறாத நிலையில் பயிற்சி ஒத்திவைக்கப்படுகிறது.' 'யூ டர்ன் – நிலுவை.' இப்படித்தான் பக்கங்கள் போயின. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

அலுவலகம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கோப்பை முடிக்காமலும் சாகவிடாமலும் வைத்திருப்பது எங்கள் தொழிலில் ஒரு திறமை. அவ்வப்போது ஒரு குறிப்பு, ஒரு நினைவூட்டு, 'நடவடிக்கையில் உள்ளது' என்று ஒரு வரி. யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. கோப்பு நகர்கிறது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகலாம். அந்தத் திறமையைத்தான் நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். எழுதி முடித்து டைரியை மூடும்போது, ஸ்கூட்டரில் போய்வந்த களைப்பே எனக்கு இருக்கும்.

போதாததற்கு, எங்கள் ஊரில் எதையும் தள்ளிப்போட ஒரு சாக்கு கையோடு இருக்கிறது. பௌர்ணமி முடியட்டும் என்போம். பௌர்ணமியன்று எங்கள் தெருமுனை வழியாகத்தான் ஜனம் மலை சுற்றும்; வண்டி எடுக்க முடியாது, கணவர் லாட்ஜைவிட்டு வர முடியாது. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அதற்கான வேலை, இரண்டு நாள் பின்பு வரை அதன் அலுப்பு. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதும், பல் பிடுங்கிக்கொள்வதும் பௌர்ணமி கழித்துத்தான். என் டைரியைப் புரட்டினால் 'பௌர்ணமி கழித்து' என்ற சொல் மாதம் தவறாமல் வந்திருந்தது.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது என் டைரியும் அவள் கையில் அகப்பட்டது. நின்றபடியே நாலு பக்கம் படித்தாள். "ம்மா, இது டைரியா? தாலுகா ஆபீஸ் ஃபைலு மாதிரி இருக்கு. வண்டி ஓட்டக் கத்துக்கறியா, இல்ல வண்டிக்குப் பட்டா வாங்கித் தரப் போறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று பிடுங்கப் போனேன். அதற்குள் டைரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தன் பாடப் புத்தகங்களுக்கு மேல் வைத்துவிட்டாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். பூஜையன்று யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

சாயங்காலம் ஸ்கூட்டருக்கு ஆயுத பூஜை. கழுவித் துடைத்து, மாலை போட்டு, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் சின்ன வாழைக்கன்று கட்டி, ஹெல்மெட்டுக்குக்கூடப் பொட்டு வைத்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டிய பிறகு வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்க வேண்டும். கணவர் லாட்ஜில் பூஜை போடப் போயிருந்தார். "உன் வண்டி, நீதான் ஏத்தணும்" என்றாள் மகள். எலுமிச்சம்பழத்தைத் தாண்ட எவ்வளவு தூரம் வேண்டும்? உட்கார்ந்தேன்.

பழம் நசுங்கியது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை விட மறந்தேன். கேட்டைத் தாண்டி, எங்கள் தெருவைத் தாண்டி, கிரிவலப் பாதைக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு டெம்போ ஹார்ன் அடித்தது. எனக்குத் தெரிந்த ஒரே திருப்பம் இடது பக்கம். திரும்பினேன். திரும்பிய பிறகுதான் வீடு முதுகுப் பக்கம் இருப்பது உறைத்தது. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் யூ டர்ன் போட வேண்டும். நிலுவையில் இருந்தது அதுதானே.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி கிளப்பும்போது துள்ளும் என்று பயம். ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தேன். மலை வலது கைப்பக்கம் கூடவே வந்தது. குபேர லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. இந்த ஊரில் வீட்டுக்குத் திரும்ப யூ டர்ன் எதற்கு? மலையைச் சுற்றினால் போகிற வழியே வீடு வந்துவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குள் நுழைந்தபோது கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்துத் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. வழுக்கினால் தீர்ந்தது என்று ஊர்ந்து போனேன். லாட்ஜ் வாசலில் கணவர் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். வாழைக்கன்று ஆட, மாலை பறக்க, மனைவி போவதைப் பார்த்தார். "ஏய்! எங்க போற?" என்று கத்தினார். கையைக் காட்டினால் விழுவேன் என்பதால் நான் எதையும் காட்டவில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே பஸ் வரிசை. அங்கே நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. காலை ஊன்றி நின்றேன். மலை சுற்றப் போகிற கும்பல் ஒன்று ரோட்டைக் கடக்கத் தொடங்கியது; பஸ் நின்றது. அவர்களோடு நானும் கிளப்பினேன். வண்டி துள்ளியது. ஆனால் விழவில்லை. ஒரு பெரியவர் நகர்ந்து வழிவிட்டு, "பாத்து போம்மா" என்றார்.

வீட்டு வாசலில் மகள் அழுகிற முகத்தோடு நின்றிருந்தாள். என் போன் அவள் கையில் இருந்தது. "எங்கம்மா போன?" என்றாள். "மலை சுத்திட்டு வந்தேன்" என்றேன். வண்டியை நிறுத்தி இறங்கினேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. வேலை கிடைத்த நாளுக்குப் பிறகு அப்படி இருந்ததில்லை.

உள்ளே போய்க் குக்கரை ஏற்றினேன். கை தானாக டைரியைத் தேடியது. அத்தனை மாதம் எழுத ஒன்றும் இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுதுவதற்கு ஒன்று இருந்த முதல் நாளில், டைரி சாமிக்கு முன்னால் பூவுக்கு அடியில் இருந்தது. விசில் வரும் வரை சும்மா நின்றேன். கணவர் வந்து, "நிறுத்தியிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை.

விஜயதசமி காலையில் எடுத்த புத்தகத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டும். 'பொருள்' என்று போடக் கை போனது. விட்டுவிட்டேன். 'நேற்று ஓட்டினேன்' என்று எழுதி மூடினேன். அதற்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் அந்த அளவில்தான். ஓட்டாத நாளில் 'ஓட்டவில்லை' என்று எழுதுவேன். ஏன் என்று எழுதுவதில்லை. யூ டர்ன் வரக் கார்த்திகை பிறந்துவிட்டது. லைசென்ஸும் வந்தது.

தீபத் திருவிழா வேலையில் அலுவலகமே தலைகீழாக இருந்த வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. "இப்ப இன்னாக்கா அவசரம், தீபம் முடியட்டுமே" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. போன வருஷக் கடிதம் கம்ப்யூட்டரில் இருந்தது. தேதியை மாற்றினால் போதும். அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் கொடுத்தேன். சம்மதக் கடிதத்துக்கு என்னிடம் மாதிரி இல்லை. வெற்றுப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பெயர், பதவி, விருப்பம் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி. 'ஏனெனில்' என்று அடுத்த வரியைத் தொடங்கிவிட்டு, என்ன போடுவது என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அந்த ஒரு சொல்லை அழித்தேன். கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.