காதர் கேமராவில் நான் வைத்த சந்தனம்

காதரின் கேமராவைக் கெடுத்தவன் நான்தான். அது கீழே விழுந்து கெட்டுப்போகவில்லை. காதரின் கை தவறியதும் காரணமில்லை. சந்தனம் தொட்ட என் மோதிர விரல்தான் காரணம்.

இதை இன்றுவரை காதரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது. கோழைத்தனம் என்கிறீர்களா? ஆம், கோழைத்தனம்தான். அதை மறைக்க எனக்கு இனித் தெம்பில்லை.

காதர் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். எனக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூட பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்த நாளிலிருந்து அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மாப்பிள்ளை. இது எந்த ஊர் முறை என்று எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் இதுவரை கேட்டதில்லை.

கேமரா அவனுடைய அத்தாவுடையது. அப்பாவை அவர்கள் வீட்டில் அத்தா என்பார்கள். மலேயாவில் கடை வைத்திருந்த காலத்தில் அவர் வாங்கி வந்தது. பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. பிலிம் சுருளைப் போட்டு, நெம்புகோலைத் தள்ளி, பொத்தானை அழுத்தினால் உள்ளே திரை திறந்து மூடும். அப்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள்... தூக்கத்தில் குழந்தை சப்புக்கொட்டுவது போல, அவ்வளவு சின்னது! அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பிலிம் இல்லாமல் அழுத்திப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு மனிதன், நாங்கள் பிறப்பதற்கு முன்னால், எங்கோ குளிரில் உட்கார்ந்து இதைக் கோத்திருக்கிறான். அது இன்னும் ஓடுகிறது. எப்படி? எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

அந்த வீட்டில் எந்த நிக்காஹ் நடந்தாலும் அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்தாக வேண்டும். ஸ்டுடியோக்காரர் ஆயிரம் எடுக்கட்டும். வீட்டுப்படம் என்று ஒன்று தனி. காதரின் அக்காமார் கல்யாணம், காதர் கல்யாணம் எல்லாவற்றிலும் அத்தா எடுத்தார். அவர் காலமான பிறகு, தன் மகள் நிலோபருக்குத் தான் எடுக்கப்போகும் படத்தைப் பற்றிக் காதர் பேசாத நாள் இல்லை.

அப்படிப்பட்ட பொருளைத்தான் நான் இரவல் கேட்டேன். தோட்டத்தில் பந்தல் கொள்ளாமல் காய் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படம் எடுக்க எனக்கு ஆசை.

"ஒனக்குன்னா தாரேன் மாப்ள. வேற எவன் கேட்டாலும் வெரட்டி விட்டுருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே என் கழுத்தில் மாட்டிவிட்டான்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் உழைக்கிற பொருள் எதுவும் அன்று வெறும் நெற்றியோடு இருக்கக்கூடாது. தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கும் மெஷின், கொத்து வெட்டும் கத்தரி, கிரைண்டர், என் மகளின் லேப்டாப்... எல்லாவற்றுக்கும் பொட்டு. வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவன் கேமராவுக்கு முன்னால் நின்றேன். இத்தனை காலம் உழைத்ததை மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போவது?

குங்குமத்துக்குப் போன கையை நிறுத்திக்கொண்டேன். பாய் வீட்டுப் பொருள் ஆயிற்றே. ஆனால் சந்தனம்? தர்காவில் சந்தனக்கூடு எடுக்கிறவர்கள்தானே அவர்களும்? இரண்டு வீட்டுக்கும் பொதுவானதை வைத்தால் என்ன குற்றம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதுவும் கடைப்பொடி இல்லை. சந்தனக் கட்டையைக் கல்லில் உரசி, ரோஸ் வாட்டர் விட்டுத் தளர்வாகக் குழைத்தது.

எங்கே வைத்தேன் தெரியுமா? அழுத்தும் பொத்தானின் தலையில் ஒரு குட்டிக் குழி இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே குடைந்தது போல இருந்தது. அங்கே வைத்தேன். சந்தனம் உள்ளே இறங்கி மறைந்துவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடியும் குடித்துவிட்டது. நிற்கும்வரை வைத்துக்கொண்டே இருந்தேன்! சாமி ஏற்றுக்கொண்டது என்று மனம் குளிர்ந்து, கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். முட்டாள்... முட்டாள்!

மறுநாள் காலையில் பந்தலுக்கடியில் நின்று அழுத்தினேன். கீழே போன பொத்தான் மேலே வரவில்லை. திரை திறக்கவில்லை. ஊசியால் நெம்பினேன், ஊதினேன், தட்டினேன். கடைசியில் எப்படியோ பொத்தான் மட்டும் மேலே வந்தது. வெளியே ஒட்டியிருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். அன்று மதியமே கொண்டுபோய்க் காதர் கடையில் கொடுத்துவிட்டேன்.

"நல்லா எடுத்தியாடா?" என்று கேட்டான்.

"எடுத்தேன் மாப்ள" என்றேன்.

அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பான். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பான். அவ்வளவுதானே? ஆனால் அவன் டீ வாங்கிக் கொடுத்தான், நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே காதரிடமிருந்து போன் வந்தது. ஏலக்காய் மூட்டை மேல் கேமராவை வைத்திருந்தானாம். எடுக்கப் போகையில் வழுக்கி, கீழே கிடந்த சாக்குக் குவியலில் விழுந்ததாம். "போச்சு மாப்ள, பொத்தான் அமுங்க மாட்டேங்குது. எங்க அத்தா கைப்பொருள நானே பாழாக்கிட்டேன்" என்று அழுதான். ஐம்பது வயதைத் தொடப்போகிற ஆண் அழுவதை நீங்கள் போனில் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். மெத்தை போன்ற சாக்கில் விழுந்ததற்கு எந்தக் கேமராவும் கெடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் "சரி பண்ணிடலாம்டா" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளூரில் எவரிடமும் கொடுக்க அவனுக்குத் துணிவில்லை. செய்த கம்பெனிக்கே அனுப்புவது என்று முடிவானது. நிலோபருக்குத் தை மாதம் நிக்காஹ். அதற்குள் வந்துவிட வேண்டும். அவனுக்கு ஆங்கிலக் கடிதம் எழுத வராது என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழட்டும் என்று நானேதான் நீட்டிக்கொண்டேன்.

அந்தப் படலத்தை என்னவென்று சொல்ல! சென்னையில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போன் செய்தால், "பிலிம் கேமராவா சார்? நாங்க அதெல்லாம் தொடுறதில்ல" என்றது ஒரு குரல். தலைமை அலுவலகத்துக்கு எழுதினால், உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்று மெஷின் பதில் போட்டது. இணையதளத்தில் மாடல் பெயரைத் தேடினால் பட்டியலிலேயே இல்லை. கடைசியில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் பிரிவு ஒன்று அவர்களிடம் இருப்பது தெரிந்து எழுதினேன். வாங்கிய பில் கேட்டார்கள். மலேயாக் கடை பில்லுக்கு நான் எங்கே போவது? குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டேன். அன்றிலிருந்து காதர் அவர்களுக்கு "அன்புள்ள திரு. எம்" ஆகிவிட்டான். ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருக்கிறதே என்று கூரியர்காரர் மதுரையிலிருந்து பெட்டியைத் திருப்பி அனுப்பினார்.

இதெல்லாம் அவர்கள் படுத்திய பாடு. இனிமேல் வருவது நான் படுத்திய பாடு.

பழுது எப்படி ஏற்பட்டது என்று கம்பெனிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. காதர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"மறைக்காம எழுதுடா. என் கவனக்கொறவாலதான் விழுந்துச்சுன்னே எழுது. பொய் சொன்னா எங்க அத்தா பொறுக்க மாட்டாக" என்றான்.

அப்படியே எழுதினேன். அவன் உண்மை என்று நம்பிச் சொன்னதை நான் பொய் என்று தெரிந்தே எழுதினேன்.

இரண்டாவது முறை அனுப்பியதில் கேமரா போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. விழுந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை, வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்டிருந்தார்கள். ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரிந்தது! மலைப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மழை ஈரமாக இருக்கலாம் என்று எழுதினேன். ஈரமென்றால் துரு இருக்கும், துரு இல்லை என்று பதில் வந்தது. பொத்தானுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறதாம். அது இன்னதென்று தெரியாமல் எதையாவது ஊற்றிக் கழுவினால் உள்ளே இருக்கும் பழைய பாகங்கள் கெடுமாம். தெரியும்வரை தொடமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒரு சொல் போதும். சந்தனம். அதை எழுத எனக்கு விரல் வரவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடாமல் இருந்துவிட்டேன்.

காதர் தினமும் கேட்டான். "கம்பெனிக்காரன் திமிரு புடிச்சவன் மாப்ள, இழுத்தடிக்கிறான்" என்று சொன்னேன். அவனும் திட்டினான். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். வேலையை நிறுத்தி வைத்திருந்த நானும் அவர்களோடு சேர்ந்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தேன்!

தை பிறந்தது. நிக்காஹ் நடந்தது. ட்ரோன் பறந்தது, எல்லோர் கையிலும் போன் மின்னியது. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நின்றபோது நிலோபர் என்னைப் பார்த்து, "கேமரா வரலையா மாமா?" என்றாள். காதர் எதிரே நின்றான். வீட்டுப்படம் எடுக்க வேண்டிய நேரம் அது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கைகளை நான் பார்த்திருக்கவே கூடாது...

மறுநாள் காலையில் கம்பெனிக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். சந்தனம் என்றால் என்ன, ஆயுத பூஜை என்றால் என்ன, இரவல் கேட்டது யார், வைத்தது யார், மறைத்தது யார் என்று ஒன்று விடாமல். முகம் தெரியாத அந்நியனிடம் எவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடிகிறது! இரண்டே வரியில் பதில் வந்தது: நன்றி. இப்போது எங்களுக்குத் தெரிகிறது.

மாசி முடிவதற்குள் பெட்டி வந்துவிட்டது. காதர் எனக்காகக் காத்திருந்து கடையிலேயே பிரித்தான். நெம்புகோலைத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். அந்தச் சத்தம்... அதே சத்தம்! தராசடியில் இருந்த ஆள்கூட நிமிர்ந்து பார்த்தான். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அத்தனை பாகங்களையும் கழற்றி, கழுவி, இருந்த இடத்திலேயே வைத்த கைகளை நினைத்துக் கும்பிடத் தோன்றியது.

பெட்டியின் அடியில் விரலளவு காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: உள்ளே இருந்தது, உங்களுடையது. பழுது பார்த்தவன் தூக்கி எறியவில்லை! சுரண்டி எடுத்த துகளை, யாரோ எதையோ மதித்து வைத்தது என்று பத்திரமாகப் பொதிந்து அனுப்பியிருக்கிறான்.

காதர் பிரித்தான். மஞ்சள் பொடி. மூக்கருகில் கொண்டுபோனான். அவன் முகம் மாறியது. சரி, தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"மாப்ள... இது எங்க அத்தா வாசம்டா" என்றான். "சந்தன அத்தர் பூசாம வெளிய எறங்க மாட்டாக. அந்தக் கையோடதான் இதத் தொடுவாக. இத்தன வருசமா உள்ளயே காஞ்சு கெடந்திருக்கு பாருடா!"

நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவன் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "கீழ போட்டுட்டேனேன்னு நான் நிம்மதியாத் தூங்கியே எம்புட்டு நாளாச்சு. அத்தா கோவிக்கல மாப்ள. மன்னிச்சுட்டாக... பாரு, வாசத்த அனுப்பியிருக்காக."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவன் அழுதான். இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவனிடமிருந்து எதைப் பறிப்பேன் என்று பாருங்கள். சொல்லாமல் இருப்பது அவனுக்காகவா, எனக்காகவா? எத்தனை முறை கேட்டாலும் எனக்கு நேர்மையான பதில் கிடைப்பதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிலிம் போட்டான். கேமராவை என் பக்கம் திருப்பினான். "ஒத்த ஆளா நின்னு கம்பெனிக்காரனோட மல்லுக்கட்டுனவன் நீ. மொதப் படம் ஒனக்குத்தான். ஏலே, என்னடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சிரி."

சிரித்தேன்.

அந்தப் படம் இன்று அவன் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சரக்கு வாங்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "எங்க அத்தா கேமராவக் காப்பாத்திக் குடுத்தவன் இவன்தான்" என்கிறான். நான் மறுப்பதில்லை. அவன் நீட்டுகிற டீயை வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்கிறேன்.