பதினோரு மணி ஜப்பான்காரி

எங்கள் கம்பெனியில் சின்னப்பொண்ணு அக்காவை அடையாளம் தெரியாதது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று முதலாளி வீரராகவன். இன்னொன்று கேட்டில் மாட்டியிருக்கும் வருகைப் பதிவு மெஷின். காலையில் அக்கா வந்து கட்டைவிரலை வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும். ஆள்காட்டி விரலை வைப்பாள், அதற்கும் சிவப்பு. விரலில் ரேகை மிச்சம் இருந்தால்தானே மெஷின் படிக்கும்? கடைசியில் செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவாள். பதினோரு வருடமாக வேலை செய்கிறவள், தினமும் புது ஆள் மாதிரி.

நான் ஹெலன். அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன், அதாவது சரக்கு ஏற்றி லாரிகளை அனுப்புவது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்கு வாயே கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரே காலனி என்பதால், அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

நாங்கள் செய்வது ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையம். உங்கள் வீட்டு கேஸ் அடுப்புக் குழாயில் பார்த்திருப்பீர்கள். தகட்டை வெட்டும்போது ஓரத்தில் பிசிறு நிற்கும். அது கண்ணுக்குத் தெரியாது, கைக்கு நன்றாகத் தெரியும். அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் கடைசி செக்கிங்கில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்த வளையங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். சாயங்காலம் அவர்கள் குழம்புச் சோறு பிசைந்து சாப்பிட முடியாது, ஸ்பூனில்தான் சாப்பிடுவார்கள்.

பிசிறு எடுக்க மெஷின் இருக்கிறது. பெரிய தொட்டி, அதில் சின்னச் சின்னக் கற்கள். வளையங்களைக் கொட்டிக் குலுக்கினால் ஓரமெல்லாம் மழமழவென்று ஆகிவிடும். இதை வாங்குங்கள் என்று அக்கா மூன்று வருடமாகக் கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் ஒரு ஜோடி கிளவுஸ் தருவார். கிளவுஸ் இரண்டு நாளில் கிழியும். மறுபடி போய் நின்றால், "இன்னாம்மா, தின்றியா அத்த?" என்பார். அக்காவுக்கு அந்த மெஷின் வேண்டும். வேறு எதையும் அவள் இந்தக் கம்பெனியில் கேட்டதில்லை.

இந்த நிலைமையில் முதலாளிக்கு ஜப்பான் யோகம் அடித்தது.

தொழிற்பேட்டைச் சங்கத்திலிருந்து பதினோரு முதலாளிகளை ஒசாகாவில் நடக்கும் ஒரு வணிகக் கண்காட்சிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. எங்கள் முதலாளிக்கு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஸ்டால். ஆரணிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர், திருப்பதிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று செக்யூரிட்டிகளுக்கு உத்தரவு போட்டார். முதல் நாளே ஒரு லாரி டிரைவர், "இன்னா, நக்கலா?" என்று கீழே இறங்கிச் சண்டைக்கு வந்துவிட்டார். சமாதானம் செய்தது நான்.

பிறகு பயிற்சி கொடுக்க பீட்டர் சார் வந்தார். ஒரு ஜப்பான் கார் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேக்கிங் ஷெட்டில் சுண்ணாம்புத் தூளால் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, நடுவில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் வைத்தார். இதுதான் ஸ்டால். கோட்டுக்கு உள்ளே வந்தால் ஜப்பான், வெளியே போனால் கும்மிடிப்பூண்டி. தினமும் பதினோரு மணிக்கு ஒத்திகை. யாராவது ஒருவர் டனாகா சான் என்கிற ஜப்பான் கஸ்டமராக உட்கார வேண்டும், முதலாளி அவரிடம் வளையத்தை விற்க வேண்டும்.

முதலில் புரொடக்‌ஷன் மேனேஜர் டனாகா சானாக உட்கார்ந்தார். முதலாளி வாயைத் திறப்பதற்குள், "சூப்பர் சார், பத்து லட்சம் பீஸ் அனுப்பிடுங்க" என்றார். எலெக்ட்ரீஷியன் இருபது லட்சம் பீஸ் வாங்கினார். சூப்பர்வைசர் வாங்கியதோடு நிற்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரே காலையில் ஜப்பானுக்கு நாற்பது லட்சம் வளையம் விற்றாகிவிட்டது.

பீட்டர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இந்தக் கம்பெனியில உங்களுக்கு 'வேணாம்'னு சொல்ல ஒரு ஆளு கூட கிடையாதா?"

"கிடையாது சார்," என்றார் முதலாளி பெருமையாக. "நாங்கள்லாம் ஒரே குடும்பம் மாதிரி."

என் நாக்கு சும்மா இருக்குமா? "செக்கிங்ல சின்னப்பொண்ணு அக்கா கீறாங்க சார். அவங்க லேசுல எதையும் பாஸ் பண்ண மாட்டாங்க," என்றேன்.

அக்காவைக் கூட்டிவந்து, புடவைக்கு மேல் பீட்டர் சாரின் கோட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதலாளி குனிந்தார். அக்காவும் குனிந்தாள். முதலாளி வளையத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா வாங்கி, செக்கிங்கில் பார்க்கிற மாதிரியே ஓரத்தில் விரலை ஓட்டி, மேஜையில் வைத்துவிட்டாள். பேசவில்லை. முதலாளி இரும்பின் தரத்தைச் சொன்னார், தன் தாத்தாவின் நேர்மையைச் சொன்னார், திருவள்ளூர் பெருமாள் மேல் சத்தியம் செய்தார். அரை மணி நேரம் ஓடியது. அக்கா எழுந்து, குனிந்து, கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பீட்டர் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியே எங்க பழைய வைஸ் பிரசிடென்ட் சார் இது," என்றார். "இவங்கள விட்றாதீங்க."

அன்றிலிருந்து தினமும் அக்காதான் டனாகா சான். வேடிக்கை என்னவென்றால், பத்து ஐம்பத்தெட்டுக்கு முதலாளி, "யாரும்மா அது, வேலையப் பாக்காம நின்னுக்கினு?" என்று அவளைத்தான் விரட்டுவார். பதினோரு மணிக்கு அதே வாய், "வாங்க டனாகா சான், பிரயாணம் சௌகரியமா இருந்துதா?" என்று கேட்கும். பதினொன்றரைக்குச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் மறுபடி விரட்டல்.

முதல் சந்திப்பில் பரிசு தர வேண்டும், கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது என்பது பீட்டர் சாரின் சட்டம். எந்தப் பரிசு பொருத்தம் என்று தெரியாததால் முதலாளி தினம் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். பாதுஷா பெட்டி, சந்தன மாலை, தலையாட்டி பொம்மை, வெள்ளிக்கிழமை ஒரு குத்துவிளக்கு. எல்லாம் காலனிக்கு வந்து சேர்ந்தன. அக்காவின் வீட்டுக்காரர் வரதன் மாமா பயந்துபோய் என்னிடம் கேட்டார். "இன்னா ஹெலன், கம்பெனில உங்க அக்காவ வேலைய விட்டு அனுப்பப் போறாங்களா? ரிட்டயர்மென்டுக்குக் குடுக்கற மாதிரியே குடுத்துக்கினு கீறாங்க?"

ஆறாவது நாள் முதலாளி உடைந்துபோனார். விலையைக் குறைத்துப் பார்த்தார், கப்பல் செலவு என்னுடையது என்றார். அக்கா வளையத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா குறைன்னாவது சொல்லிட்டுப் போங்க டனாகா சான்," என்றார். நிஜமாகவே கெஞ்சினார்.

அக்கா இரண்டு கைகளையும் மேஜை மேல் மல்லாத்தி வைத்தாள். பத்து விரலிலும் வெட்டு. ஆறினது, ஆறாதது, ஆறினதின் மேலேயே மறுபடி பட்டது. தினம் பார்க்கிற கைதான் என்றாலும், அந்த வெள்ளைத் துணி விரித்த மேஜையில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது.

முதலாளி முகம் சிவந்தது. "கிளவுஸ் போடச் சொல்லி எத்தினி வாட்டி..."

"சார்!" என்று பீட்டர் சார் கத்தினார். "கஸ்டமர்!"

முதலாளி மீதியை விழுங்கினார். சுற்றிலும் நாங்கள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே இருந்தார், வேறு வழி இல்லை. எழுந்து இடுப்பு வளையக் குனிந்து, "சுமிமாசென்," என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம்.

"மன்னிப்பு போதாது," என்றார் பீட்டர் சார். "ஜப்பான்காரங்க ஒரு குறையப் பார்த்தா அஞ்சு தடவ 'ஏன்'னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்லியே ஆகணும். கேளுங்க டனாகா சான்."

அக்கா கேட்டாள். "ஏன் வெட்டுது?"

"ஓரத்துல பிசிறு நிக்குது."

"ஏன் நிக்குது?"

"தகடு வெட்டினா நிக்கும். எடுத்து வுடணும்."

"ஏன் எடுக்கல?"

"மெஷின் இல்ல."

"ஏன் இல்ல?"

"வாங்கல."

"ஏன் வாங்கல?"

முதலாளி ஃபேனைப் பார்த்தார், பீட்டர் சாரைப் பார்த்தார், ஓரமாக நின்ற மகன் பரத்தைப் பார்த்தார். கடைசியில், "கை வெட்டுதுன்னு இது வரிக்கும் எந்தக் கஸ்டமரும் சொல்லல," என்றார்.

"நான் மூணு வருசமா சொல்லிக்கினு கீறேன்," என்றாள் அக்கா.

"அய்யோ, ஜப்பான்காரங்க அப்படிக் குத்திக் காட்ட மாட்டாங்கம்மா," என்றார் பீட்டர் சார்.

திங்கட்கிழமை முதலாளி ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். பக்கத்துக் கம்பெனியில் கொடுத்துப் பிசிறு எடுத்த ஐம்பது வளையம், பட்டு மாதிரி. அக்கா விரலை ஓட்டினாள். முதன்முறையாகத் தலையை ஆட்டினாள். முதலாளிக்கு உயிர் வந்தது.

"எத்தினி கீது?"

"அம்பது. எல்லாம் ஜப்பானுக்கு எடுத்துக்கினு போற சாம்பிள்."

"மீதி?"

"மீதி லோக்கலுக்கு, வழக்கம் போல."

அக்கா பெட்டியை மூடி அவர் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

விமானம் ஏற நான்கு நாள்தான் இருந்தது. முதலாளி சரியாகச் சாப்பிடவில்லை, குட்டி போட்ட பூனை மாதிரி ஷெட்டையே சுற்றி வந்தார். "நைனா, அது நம்ம செக்கிங்ல வேலை செய்ற அம்மா நைனா, ஜப்பான் இல்ல," என்று பரத் எடுத்துச் சொன்னான். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தம்மா வாயால 'ஹாய்' வரலன்னா அங்க ஒருத்தன் வாங்க மாட்டான்," என்றார். ஹாய் என்றால் ஜப்பானில் சரி என்று அர்த்தம். பெண் கேட்டுப் போனவர்கள் நல்ல வார்த்தைக்குக் காத்திருப்பது போல அவர் காத்திருந்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா தானாகவே பேசினாள். "மாசம் ஒரு லட்சம் பீஸ் எடுத்துக்கறேன். எல்லாம் இந்த மாதிரி இர்க்கணும். மெஷின் இங்க வந்து ஓடணும், நான் என் கையால தொட்டுப் பாக்கணும். அப்பதான் ஹாய்."

அப்படி ஒரு கஸ்டமர் உலகத்திலேயே இல்லை. அப்படி ஒரு ஆர்டரும் இல்லை. ஆனால் முதலாளி ஓடிப்போய் டீலருக்குப் போன் செய்தார். வியாழக்கிழமை கிரேன் வைத்து மெஷினை இறக்கினோம். கேட் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'ஜப்பான் ஆர்டர்' என்று எழுதியது என் கைதான். எழுதும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பூசணிக்காய் உடைத்து மெஷினை ஓட்டினார்கள். அரை மணி கழித்து அக்கா தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி வளையத்தை அள்ளி இறுக்கிப் பிடித்தாள். திறந்து காட்டினாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ஹாய்," என்றாள். முதலாளி பீட்டர் சாரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஜப்பானுக்குப் போனார், எட்டு நாளில் திரும்பினார். ஒரு ஆர்டர் கூட இல்லை. "வந்தவங்க எல்லாம் கையில எடுத்துப் பாத்தாங்க, ரொம்ப நல்லா இருக்குதுன்னு குனிஞ்சி கும்பிட்டுட்டுப் போய்ட்டாங்க," என்றார். "ஒருத்தன் கூட 'ஏன்'னு ஒரு கேள்வி கேக்கல." ஆர்டர் கிடைக்காததைவிட அதுதான் அவரை அரித்தது.

பரத் கணக்காக இருந்தான். பதினைந்து நாளுக்குள் என்றால் டீலர் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் லாரியும் கிரேனும் கேட்டில் வந்து நின்றன. ஷெட்டில் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் போல்ட்டைக் கழற்ற உட்கார்ந்தார்கள். செக்கிங் பெண்கள் ஆறு பேரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்கள். அன்றைக்கு பீட்டர் சாரும் இல்லை, கோட்டும் இல்லை, மணியும் பதினொன்று ஆகவில்லை. யார் யாரை என்ன கேட்க முடியும்? வழக்கமாக நீளும் என் வாய் அன்று பார்த்து ஒட்டிக்கொண்டது.

பரத் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா டனாகா சான், கோச்சிக்காதீங்க," என்றான். "நீங்க குடுத்த ஆர்டர் வெறும் நடிப்புதானே?"

"ஆர்டரு நடிப்புதான் சார்," என்றாள் அக்கா. "கை நடிப்பு இல்லியே."

பரத்தின் சிரிப்பு நின்றது. முதலாளி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆறு பெண்களின் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்து நாளில் வெட்டுகள் எல்லாம் காய்ந்து, மேல் தோல் உரிந்து, உள்ளே புதுத் தோல் வந்திருந்தது. போல்ட் கழற்றியவர்களிடம், "திரும்ப மாட்டுங்கப்பா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த லாரிய அனுப்பிடு ஹெலன்," என்றார்.

டெஸ்பாட்சில் இருக்கிறவளுக்கு வண்டியைக் காலியாக அனுப்புவதைப் போல அவமானம் வேறு இல்லை. அந்த லாரியை நானே கேட்டைத் திறந்து காலியாக அனுப்பினேன். ரோடு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.